கான்பூரில் இறந்தவரின் இன்ஜின்

இங்கிலாந்தின் வாண்டேஜ் ஊர் டிராம் பாதையில் ஓடிய ஷானன் என்ற நீராவி இன்ஜினைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரை அருமை. பெயர் வந்த கதை மட்டும் விடுபட்டிருக்கிறது. 1857இல் அங்குள்ள சாண்டி, பாட்டன் என்ற ஊர்களை இணைத்த ரயில் பாதைக்காக அதைச் செய்யச் சொன்னவர் கேப்டன் வில்லியம் பீல். ஷானன் என்பது அவர் தலைமை தாங்கிய போர்க்கப்பலின் பெயர். மனுஷர் ஊர் திரும்பவே இல்லை. சிப்பாய்க் கிளர்ச்சியின்போது இந்தியா வந்தவர், 1858 ஏப்ரலில் கான்பூரில் பெரியம்மையால் இறந்துபோனார். நினைத்தாலே மனசு கனக்கிறது.

அப்புறம் 1878இல் வாண்டேஜுக்குப் போன இன்ஜினை அங்கே ஜேன் என்று செல்லமாகக் கூப்பிட்டார்கள். இப்போது இங்கிலாந்தின் டிட்காட் ரயில் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறது. நாலே சக்கரம், தண்ணீர்த் தொட்டி பக்கவாட்டில் இல்லாமல் பாய்லருக்கு அடியில் ஒளிந்திருப்பதால்தான் அவ்வளவு ஒல்லியாகத் தெரிகிறது. பீலைப் பற்றியும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.