தாளைக் கையில் கொடுத்துவிட்டால் விளக்கியதாகிவிடுமா?

வியாழக்கிழமை எங்கள் பிள்ளைகளின் பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாளாக இருந்தேன். வாசிப்பிலும் கணக்கிலும் எந்தப் பிள்ளைக்கு உதவி தேவைப்படலாம் என்று பார்க்க வைத்த ஸ்கிரீனிங் தேர்வின் முடிவைத் தாளில் அச்சடித்து அங்கே கொடுத்தார்கள். கோபம் ஆறட்டும் என்று பார்த்தேன், ஆறவில்லை. அங்கே இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். "இந்த 22 என்றால் என்ன? என் பையன் நூற்றுக்கு 22தான் வாங்கினானா?" என்று ஒரு அப்பா எழுந்து கேட்டார். "அது ஸ்கிரீனிங் ரிப்போர்ட், எல்லாம் தாளிலேயே இருக்கிறது" என்று பதில் வந்தது. அவர் தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை.

தாளைக் கொடுப்பது வேறு, விளக்குவது வேறு.

அந்த 22 பெர்சன்டைல். அதே வகுப்பில் படிக்கும் நூறு பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினால், ஏறக்குறைய 22 பேர் அவனுக்குப் பின்னால் நிற்பார்கள் என்று அர்த்தம். நூற்றுக்கு 22 மதிப்பெண் என்று அதற்கு அர்த்தமே இல்லை. கேட்டதில் பாதிக்கு மேல் சரியாகச் செய்த பிள்ளைக்கும் இந்த எண் வரலாம். இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அந்த அரை நிமிடத்தை அவருக்கு யாரும் தரவில்லை.

என் மகளின் தாளிலும் வாசிப்புக்கு நேரே சிவப்பு வட்டம் இருந்தது. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு என்ன குறை என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். "நீ சரியாகவே படிப்பதில்லை" என்று அவளைத் திட்டவும் செய்தேன். இதை எழுதும்போது கூசுகிறது. மறுநாள் ஓர் இளம் ஆசிரியை வராந்தாவில் நின்றபடியே பத்து நிமிடம் பேசினார். பிள்ளையை ஒரு பத்தியை ஒரு நிமிடம் சத்தமாக வாசிக்கச் சொல்வார்களாம். எத்தனை சொற்களைச் சரியாக வாசித்தாள் என்று எண்ணுவார்களாம். ஒரு சொல்லில் மூன்று விநாடி நின்றுவிட்டால் அவர்களே சொல்லிக் கொடுத்து, அதைத் தவறாகக் குறித்துக்கொண்டு மேலே போவார்களாம். எழுத்துக் கூட்டுவதிலேயே முழுக் கவனமும் செலவானால் பொருளைப் புரிந்துகொள்ள மிச்சம் இருக்காது, அதனால்தான் வேகத்தையும் பார்க்கிறார்கள். அர்த்தமே இல்லாத சொற்களை வாசிக்கச் சொன்னார்கள் என்று என் மகள் சொன்னபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. அதற்கும் காரணம் இருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த சொல்லைப் பிள்ளை பார்த்ததும் சொல்லிவிடும். முன்பின் பார்க்காத சொல்லைக் கொடுத்தால்தான் எழுத்தையும் ஒலியையும் பிள்ளைக்குச் சேர்க்கத் தெரிகிறதா என்று தெரியும். கணக்கிலும் இதே போலத்தான். இரண்டு எண்களில் எது பெரியது, வரிசையில் விடுபட்ட எண் எது என்று சில நிமிடங்களில் முடிகிற சின்னக் கேள்விகள்.

இதையெல்லாம் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிவிட்டது. பத்தே நிமிடம்தான்.

"நீங்கள் தேர்வே வேண்டாம் என்கிறீர்களா?" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. எனக்கு இந்தத் தேர்வு வேண்டும். இது ஒரு சல்லடை. உதவி தேவைப்படும் பிள்ளை ஒன்றுகூடத் தப்பிவிடக் கூடாது என்பதால் கண்ணியைக் கொஞ்சம் சிறிதாகவே வைப்பார்கள். அதனால் நன்றாக இருக்கும் சில பிள்ளைகளும் அதில் மாட்டும். சிவப்பு வட்டத்துக்கு "இந்தப் பிள்ளையை இன்னொரு முறை உட்காரவைத்துப் பாருங்கள்" என்பதற்கு மேல் பொருள் கிடையாது. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புக் குறைபாடு என்றோ வேறெதுவோ என்றோ அது முடிவு சொல்லாது. கண் பார்வை, காது, அன்றைக்கு இருந்த காய்ச்சல், வீட்டில் பேசும் மொழி எல்லாவற்றையும் பார்த்த பிறகு பேச வேண்டிய பேச்சு அது. பெரும்பாலும் ஆண்டின் தொடக்கம், நடு, கடைசி என்று மூன்று முறை வைப்பதும் பிள்ளை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கத்தான். ஆங்கில வாசிப்புக்கு ஹாஸ்ப்ரூக், டிண்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 2017-இல் வெளியிட்ட வாசிப்பு வேக அட்டவணையைப் பார்த்தேன். இரண்டாம் வகுப்புத் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 50 சொல் வாசிக்கும் நடுத்தரப் பிள்ளை, ஆண்டு முடிவில் 100 சொல் வாசிக்கிறது. ஒரே ஆண்டில் இரண்டு மடங்கு! முதல் மாதத்துச் சிவப்பைப் பார்த்துப் பிள்ளையை எடைபோட்ட என்னை என்ன சொல்வது?

"ஆசிரியர்களுக்கு நேரம் எங்கே இருக்கிறது?" நியாயமான கேள்வி. நாற்பது பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்கவைத்துக் கேட்பதே பெரிய வேலை. நான் ஆசிரியர்களைக் குறை சொல்லவில்லை, எனக்கு விளக்கியவரும் ஓர் ஆசிரியைதான். தாளோடு எளிய மொழியில் அரைப் பக்கம் சேர்த்துக் கொடுக்கச் சொல்லி நிர்வாகத்தைக் கேட்கிறேன். "பெற்றோருக்குச் சொன்னால் பயந்துவிடுவார்கள், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிடுவார்கள்" என்கிற வாதத்தை மட்டும் என்னிடம் கொண்டுவராதீர்கள். சொல்லாததால்தான் பயந்தோம். சொல்லாததால்தான் நான் என் பிள்ளையைத் திட்டினேன்.

இன்னொன்று. இந்த ஒரு நிமிட வாசிப்பு முறை அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோவும் அவரோடு இருந்தவர்களும் உருவாக்கியது. நாம் கற்றுக்கொடுக்கும் முறை இந்தப் பிள்ளைக்கு வேலை செய்கிறதா, மாற்ற வேண்டுமா என்று ஆசிரியர் தெரிந்துகொள்ளத்தான் அதை உருவாக்கினார்கள். அப்படியானால் அந்தச் சிவப்பு எங்களைவிடப் பள்ளிக்குச் சொல்லும் செய்திதானே? இனி என்ன செய்யப் போகிறோம், வாரத்தில் எத்தனை நாள், மறுபடி எப்போது பார்ப்போம் என்று அந்தத் தாளில் ஒரு வரி இருந்ததா? இல்லை. கையெழுத்துப் போட மட்டும் இடம் இருந்தது.

என் அண்ணனுக்கு வாசிப்பு வரவே இல்லை. எந்தச் சல்லடையும் அவரைப் பிடிக்கவில்லை. "மக்கு" என்று சொல்லிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அம்மாவைப் பள்ளிக்குக் கூப்பிட்டபோதெல்லாம் தலையாட்டிவிட்டு வந்து அவரை அடித்தார். அம்மாவுக்கும் யாரும் எதையும் விளக்கவில்லை. கூட்டத்தில் அந்த அப்பா உட்கார்ந்தபோது எனக்கு அம்மாவின் முகம்தான் தெரிந்தது.

நேற்று இரவு அண்ணனிடம் இந்தத் தேர்வைப் பற்றிச் சொன்னேன். "ஒரு நிமிஷம் வாசிக்கவிட்டுக் கேட்பாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்தப் பையனோட அப்பா நம்பர் இருந்தா கொடு, நான் பேசறேன்" என்றார்.