நன்றாக வரைந்தவர்கள் தோற்றுப்போன நிகழ்ச்சி

பழைய கேம் ஷோ பேச்சு வந்தாலே எல்லோரும் ஜெப்பர்டி, வீல் ஆஃப் ஃபார்ச்சூன் என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். என் ஓட்டு வின், லூஸ் ஆர் ட்ராவுக்குத்தான். ஒருவர் படம் வரைய, அவர் அணிக்காரர்கள் அது என்ன என்று கண்டுபிடிக்க வேண்டும். 1987 செப்டம்பரில் அமெரிக்காவில் தொடங்கி 1990-லேயே மூட்டை கட்டிய நிகழ்ச்சி. நடிகர் பர்ட் ரெனால்ட்ஸும் அவர் நண்பர் பெர்ட் கான்வியும் சேர்ந்து ஆரம்பித்தது. பகலில் என்பிசி சேனலில் வந்ததை விக்கி லாரன்ஸ் நடத்தினார், உள்ளூர் சேனல்களுக்கு விற்ற இன்னொரு பதிப்பை முதலில் கான்வியே நடத்தினார். செட்டை ரெனால்ட்ஸ் வீட்டு வரவேற்பறை மாதிரி போட்டிருப்பார்கள்: சோபா, பெரிய காகித அட்டை, தடி மார்க்கர். அவ்வளவுதான்.

ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், ஒவ்வோர் அணியிலும் இரண்டு பிரபலங்கள், ஒரு சாதாரண ஆள். (இந்த ஆண் - பெண் மோதல் அப்போதைய டிவிக்காரர்களின் தேய்ந்த சரக்கு, அதை விட்டுவிடலாம்.) வரைபவர் வாய் திறக்கக் கூடாது, எழுத்தோ எண்ணோ போடக் கூடாது. ஒரு நிமிடம். முதல் பாதியில் கண்டுபிடித்தால் 200 டாலர், தாண்டிவிட்டால் 100.

இதில் நான் ரசித்ததே ஒரு விஷயத்தைத்தான். கொஞ்சம் வரையத் தெரிந்தவர் வந்தால் அந்த அணி பெரும்பாலும் காலி. வீடு வரையச் சொன்னால் ஓடு, ஜன்னல் கம்பி, புகைபோக்கி என்று அவர் பாட்டுக்கு அழகு பார்த்துக்கொண்டிருப்பார், சோபாவில் இருப்பவர்கள் முடியட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பார்கள், மணி அடித்துவிடும். வரையவே தெரியாதவர் நாலு கோடு கிழித்து ஓர் அம்புக்குறி போட்டுத் திரும்பிப் பார்ப்பார், அதற்குள் இருவரும் கத்த ஆரம்பித்திருப்பார்கள். அந்தக் கத்தலை வைத்துத்தான் அடுத்த கோட்டையே போடுவார்.

அப்புறம், வரையும்போது மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி செய்வார்கள். சோபாவில் இருப்பவர்கள் தப்பாக "குதிரை" என்று சொல்லிவிட்டால், இல்லை என்று தலையாட்டிவிட்டு, ஏற்கெனவே போட்ட வாலையே மறுபடி மறுபடி அழுத்தி அழுத்திக் கிறுக்குவார்கள். கோடு தடித்தால் புரிந்துவிடும் என்று நினைப்பு. சோபாக்காரர்களும் விடாமல் "பெரிய குதிரை!" என்பார்கள். புதுத் தாளைப் புரட்டி வேறு விதமாக வரையலாம் என்று அந்த அவசரத்தில் யாருக்கும் தோன்றாது. சினிமாவில் கெத்தாக வரும் ஆள் அங்கே மார்க்கரால் காகிதத்தைக் குத்திக்கொண்டிருப்பார், பார்க்கவே சுகம்.

1985-இல் பலகை விளையாட்டாகக் கடைக்கு வந்த பிக்‌ஷனரி இதே விளையாட்டுதானே என்பீர்கள். ஆமாம், மறுக்கவில்லை. ஆனால் 1997-இல் ஆலன் திக் நடத்த அது டிவிக்கு வந்தபோது இந்த அளவுக்கு என்னை இழுக்கவில்லை. 2012-இல் எல்லோர் போனிலும் இருந்த டிரா சம்திங் ஆப்பில் சிக்கலே வேறு. நீங்கள் இப்போது வரைவீர்கள், எதிராளி சாவகாசமாகப் பிறகு பார்த்துக் கண்டுபிடிப்பார், கீழே எழுத்துகள் வேறு கொடுத்திருக்கும். தப்பாகக் கத்துகிறவர் எதிரில் இல்லாமல் இந்த விளையாட்டில் என்ன இருக்கிறது? 2014-இல் டிஸ்னி சேனல் இதே பெயரில் சிறுவர்களுக்காகத் திரும்பக் கொண்டுவந்தது. சரி, அது அவர்களுக்கு.

பழைய எபிசோடுகள் யூடியூபில் கிடைக்கின்றன, வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றியவை, படம் கொஞ்சம் மங்கல்தான். நேரம் இல்லாதவர்கள் கடைசி வேகச் சுற்றுக்கு மட்டும் ஓட்டிப் பாருங்கள்: 90 நொடி, ஒரே ஆள் ஒன்றன்பின் ஒன்றாக வரைந்து தள்ள வேண்டும், அழகு பார்க்க அவகாசமே கிடையாது.