நான் உருவாக்கிய நாயகனின் வாயில் யாருடைய குரல்?

ஆர்பிஜி விளையாட்டுகளில், அதாவது நாமே ஒரு பாத்திரமாக வாழ்ந்து கதையை நடத்தும் வீடியோ கேம்களில், நாயகனின் பதில்களை நடிகர் ஒருவர் குரலில் பேச வேண்டுமா, இல்லை திரையில் எழுத்தாகக் காட்டி நம்மைத் தேர்ந்தெடுக்கவிட்டால் போதுமா என்ற சண்டை ஒவ்வொரு பெரிய வெளியீட்டின்போதும் கிளம்புகிறது. "இந்தக் காலத்திலும் பேசாத நாயகனா?" என்று ஒரு தரப்பு கேட்கிறது. நான் எதிர்த்தரப்பு. எங்களைப் பழமைவாதிகள் என்று ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2015-ல் வந்த ஃபால்அவுட் 4-ஐ எடுத்துக்கொள்வோம். முகத்தை நாம் செதுக்குகிறோம், பெயரை நாம் வைக்கிறோம், திறன்களை நாம் பங்கிடுகிறோம். அதன்பிறகு வாயைத் திறந்தால் வேறொருவர் பேசுகிறார். குரல் கொடுத்த பிரையன் டெலானியும் கோர்ட்னி டெய்லரும் தேர்ந்த கலைஞர்கள், அவர்கள்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் குரல் வந்ததும் உரையாடலுக்கு என்ன நேர்ந்தது? ஏறக்குறைய எல்லாப் பேச்சும் நான்கு பொத்தான்களுக்குள் அடங்கிவிட்டது. சம்மதம், மறுப்பு, கேள்வி, கிண்டல். திரையில் தெரிவதோ ஓரிரு சொற்கள். 'கிண்டல்' என்பதை அழுத்தினால் அது எப்படிப்பட்ட கிண்டல், யாரைப் புண்படுத்தும் கிண்டல் என்பது அழுத்திய பிறகுதான் தெரியும். என் நாயகன் என்ன பேசினான் என்பதை எதிரில் நிற்கும் பாத்திரத்தோடு சேர்ந்து நானும் அப்போதுதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் நடந்தது. கடத்தப்பட்ட மகனைத் தேடும் பெற்றோர் என்பதுதான் அந்தக் கதை. நடிகர்கள் அந்தத் தவிப்பைக் குரலில் கொண்டுவந்தார்கள், அதுதான் அவர்களுடைய வேலை. இப்போது ஒருவர் நெஞ்சில் ஈரமில்லாத கூலிப்படைக்காரனாக விளையாட நினைக்கிறார் என்று வையுங்கள். அவர் என்ன தேர்ந்தெடுத்தாலும் தொண்டை தழுதழுக்கும். எழுத்தில் "என் மகன் எங்கே?" என்ற ஒரே வரியை ஒருவர் கதறலாக வாசிப்பார், இன்னொருவர் மிரட்டலாக வாசிப்பார், மூன்றாமவர் கடமைக்குக் கேட்பதாக வாசிப்பார். ஒலிப்பதிவு செய்த கணத்தில் அந்த மூன்றில் இரண்டு இறந்துவிடுகின்றன.

எழுத்து தரும் இந்தச் சுதந்திரத்தின் உச்சத்தை 1999-லேயே பிளேன்ஸ்கேப்: டார்மென்ட் காட்டிவிட்டது. அதில் சில இடங்களில் ஒரே பதில் இருமுறை வரும். ஒன்றின் முன்னால் 'உண்மை' என்றும் மற்றொன்றின் முன்னால் 'பொய்' என்றும் குறித்திருப்பார்கள். எதிரில் நிற்பவர் கேட்கும் சொற்கள் ஒன்றுதான். என் மனத்தில் இருப்பது வேறு. அந்த வேறுபாட்டை விளையாட்டு கணக்கில் எடுத்துக்கொண்டு என் பாத்திரத்தின் குணத்தை அதற்கேற்ப மாற்றும். ஒரு வாக்குறுதியைக் கொடுக்கும்போது அதைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இருக்கிறதா என்று என்னையே கேட்கும் விளையாட்டு அது. நான் அறிந்தவரை இதைவிட நுட்பமான சுதந்திரத்தை எந்தத் தொழில்நுட்பமும் தரவில்லை.

ஃபால்அவுட் 2-லும் (1998) ஓர் அற்புதம் இருக்கிறது. அறிவுத்திறனை மிகக் குறைவாக வைத்து நாயகனை உருவாக்கினால் அவன் பேச்சு உளறலாகிவிடும், ஊரார் பலர் அவனோடு பேசவே மறுப்பார்கள். கிளமாத் என்ற ஊரில் டார் என்ற வெகுளி ஒருவன் உண்டு, மற்ற நாயகர்களிடம் தட்டுத்தடுமாறிப் பேசுபவன். அவனும் இந்த நாயகனும் சந்தித்தால் இருவரும் பண்டிதர்களைப் போல உரையாடுவார்கள்! இந்தக் காட்சியைப் பார்க்காமலேயே ஆட்டத்தை முடித்தவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். இருந்தும் யாரோ உட்கார்ந்து அதை எழுதினார்கள். 2004-ல் வந்த வாம்பயர்: தி மாஸ்குரேட் – பிளட்லைன்ஸில் மால்கேவியன் என்ற ரத்தக்காட்டேரிக் குலத்தைத் தேர்ந்தெடுத்தால் நாயகனின் பதில்கள் முழுக்கச் சித்தம் கலங்கியவரின் மொழிக்கு மாறிவிடும். ஒரே கதை, ஆனால் வேறொரு மனத்திலிருந்து.

குரல் கட்டாயம் என்று விதித்திருந்தால் இவற்றில் எது பிழைத்திருக்கும்? ஒவ்வொரு வரியையும் ஆண் குரலில் ஒருமுறை, பெண் குரலில் ஒருமுறை பதிய வேண்டும். பிற மொழிகளுக்கு டப்பிங் செய்தால் அங்கும் அப்படியே. எழுத்தை எழுத்தாளர் கடைசி வாரத்திலும் திருத்தலாம். பதிந்த வரியைத் திருத்த வேண்டுமானால் நடிகரை மீண்டும் ஒலிக்கூடத்துக்கு அழைக்க வேண்டும். அப்போது முதலில் வெட்டுப்படுபவை எவை என்று நினைக்கிறீர்கள்? ஒரே விளைவுக்குக் கொண்டுபோகும் வெவ்வேறு பதில்கள்தான். பணிவாக ஒரு 'சரி', பேராசையோடு ஒரு 'சரி', வேண்டாவெறுப்பாக ஒரு 'சரி'. மூன்றுக்கும் எதிராளியின் பதில் ஒன்றுதான் என்பதால் பட்ஜெட் பார்ப்பவருக்கு இது வீண்செலவு. எனக்கோ பாத்திரமாக வாழ்வது என்பதே அந்த மூன்றுக்கும் நடுவே தயங்கி நிற்கும் அந்தச் சில நொடிகள்தான். கதையின் கிளைகளை எண்ணிச் சுதந்திரத்தை அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

மோட் உருவாக்குபவர்களின், அதாவது வெளியான விளையாட்டில் தாங்களே மாற்றங்களைச் செய்து சேர்க்கும் ரசிகர்களின், பாட்டையும் சொல்ல வேண்டும். பேசாத நாயகன் இருந்தால் யாரும் புதிய கதையை எழுதிச் சேர்க்கலாம். ஃபால்அவுட் 4-ல் அவர்கள் இருக்கும் ஒலித்துணுக்குகளை வெட்டி ஒட்டினார்கள், இல்லையென்றால் நாயகனை அந்த இடத்தில் மட்டும் மௌனமாக விட்டார்கள்.

குரலே கூடாது என்று நான் சொல்லவில்லை. விட்சர் 3-ன் நாயகன் கெரால்ட் ஏற்கெனவே முழுமையான மனிதன். அவனுக்கு வயது, வடு, பழைய காதல் எல்லாம் உண்டு. அவனுக்குக் குரல் கொடுத்த டக் காக்கிளின் கரகரப்பு இல்லாமல் அவனை நினைக்கவே முடியாது. மாஸ் எஃபெக்ட்டில் (2007) நடிகை ஜெனிஃபர் ஹேலின் குரலில் பேசும் நாயகி ஷெப்பர்டுக்காக நான் உருகியிருக்கிறேன், இன்றும் உருகுவேன். ஆனால் அங்கே ஷெப்பர்ட் பயோவேர் நிறுவனம் படைத்த படைத்தளபதி. அவரை எந்தத் திசையில் நடத்துவது என்பது மட்டுமே என் கையில். அந்த ஒப்பந்தம் நேர்மையானது. "யாராக வேண்டுமானாலும் இரு" என்று அழைத்துவிட்டு, வாயை மட்டும் வேறொருவரிடம் ஒப்படைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. டிராகன் ஏஜ் 2 (2011) இதற்கு ஒரு வழி கண்டது. சாந்தம், கேலி, கடுமை ஆகியவற்றில் நாம் எதை அதிகம் தேர்ந்தெடுக்கிறோமோ, அதன் நாயகப் பாத்திரமான ஹாக் தானாகப் பேசும் வரிகளும் அந்தத் தொனிக்கு மாறிவிடும். மிக நல்ல யோசனை. அதை யாரும் தீவிரமாக வளர்த்தெடுக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பேசாத நாயகன் முகத்தை அருகில் காட்டும் காட்சிகளில் மரம்போல் நிற்கிறான் என்ற குற்றச்சாட்டை மறுக்க மாட்டேன். பால்டர்ஸ் கேட் 3-லும் (2023) உரையாடலின்போது நம் பாத்திரம் வாய் திறப்பதில்லை, முகபாவனைகள் சில நேரம் செயற்கையாகவே தெரிகின்றன. ஆனாலும் சுற்றி நிற்கும் ஒவ்வொருவரும் உயிரோடு பேசுகிறார்கள், குலத்துக்கும் தொழிலுக்கும் ஏற்ப எனக்குத் தனி வரிகள் கிடைக்கின்றன. அந்த விலைக்கு இந்தப் பண்டம் எனக்கு லாபமே. ஃபால்அவுட் 4-ஐ உருவாக்கிய பெதஸ்டாவும் 2023-ல் ஸ்டார்ஃபீல்டுக்குப் பேசாத நாயகனையே தேர்ந்தெடுத்தது.

செயற்கை நுண்ணறிவால் எத்தனை வரிகளுக்கும் குரல் தரலாமே என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். அமெரிக்காவின் வீடியோ கேம் நடிகர்கள் 2024 ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கியதே முக்கியமாக இந்தப் பிரச்சினைக்காகத்தான். அவர்கள் பக்கம்தான் நான். தவிர, அந்த வழியில் வரிகளின் எண்ணிக்கை கூடும், அவ்வளவே. வரியை எந்தத் தொனியில் கேட்பது என்ற உரிமை திரும்ப என்னிடம் வராது.

குரல் வைத்தே தீருவோம் என்னும் நிறுவனங்களிடம் ஒரே ஒரு கோரிக்கை. நான் தேர்ந்தெடுக்கும் முன் முழு வாக்கியத்தையும் திரையில் காட்டுங்கள். 'படித்ததையே மறுபடி கேட்க அலுப்பாக இருக்கும்' என்று நினைப்பவர்களுக்கு அதை அணைக்க ஒரு வசதி கொடுத்துவிடுங்கள். ஃபால்அவுட் 4-க்கு இதை ரசிகர்களே மோட் எழுதிச் செய்துகொண்டார்கள். விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு இது பெரிய வேலையாக இருக்க முடியாது.