ஏமாற்றப்பட்டவனைப் பார்த்து ஏன் சிரிக்கிறீர்கள்?

மலையேறப் போன இடத்தில் போலி பிராண்டு ஷூ பிய்ந்துபோன ஒரு பையனின் வீடியோ சுற்றுகிறதே, அதை நான் பகிரப் போவதில்லை. ஏற்கெனவே போதுமான பேர் பகிர்ந்துவிட்டார்கள். அடிப்பாகம் மொத்தமாகப் பிய்ந்து தொங்க, அந்தப் பையன் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு நொண்டி இறங்குவதைப் பார்த்துச் சிரித்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. நமக்கெல்லாம் மலையேற்றம் சொல்லித்தரும் அண்ணன் ஒருவர், "ஒன்பதாயிரம் ரூபாய் ஷூவை ரெண்டாயிரத்துக்கு வாங்கினா இப்படித்தான், பேராசை" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

அந்தப் பையன் ஷூவை எங்கே வாங்கினான்? நாம் எல்லோரும் தினமும் அரிசியும் சார்ஜரும் வாங்கும் அதே செயலியில்தான் வாங்கினான். விற்பனைப் பக்கத்தில் அந்த பிராண்டு கம்பெனியின் பெயர் இருந்தது. கம்பெனியின் சொந்தப் புகைப்படம் இருந்தது. நான்கு நட்சத்திரம் இருந்தது. தரம் உறுதி என்று அந்தத் தளமே ஒட்டிய முத்திரை இருந்தது. பொருள் அவர்கள் கிடங்கிலிருந்து, அவர்கள் பெயர் அச்சிட்ட டேப் ஒட்டி, அவர்கள் ஆள் கையால் வீட்டுக்கு வந்தது. பணம் அவர்களிடம் போனது, அதில் கமிஷனும் எடுத்துக்கொண்டார்கள். இவ்வளவு பேர் இத்தனை இடத்தில் கை வைத்த பொருள் போலி என்று தெரிந்த பிறகு, குற்றவாளிக் கூண்டில் நிற்பது பையன் மட்டும். அண்ணன் அந்தத் தளத்தைப் பார்த்து ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால்கூட நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

தெரிந்தே போலி வாங்குவது வேறு. சென்னையில் பர்மா பஜாருக்குப் போகிறவருக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். காத்மாண்டுவின் தமேல் தெருக்களில் பெரிய பெரிய மலையேற்ற பிராண்டுகளின் பெயர் தைத்த ஜாக்கெட்டுகள் தொங்கும். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குப் போகிற எத்தனையோ பேர் அங்கே வாங்குகிறார்கள். கடைக்காரர் முகத்தைப் பார்க்கலாம், ஜிப்பை இழுத்துப் பார்க்கலாம், தையலைப் புரட்டிப் பார்க்கலாம், பேரம் பேசலாம். பெரும்பாலும் இரண்டு பக்கமும் விஷயம் தெரிந்த வியாபாரம் அது. செயலியில் அப்படி இல்லை. அங்கே அசலும் போலியும் ஒரே பக்கத்தில், ஒரே படத்தோடு, ஒரே விமர்சனக் குவியலுக்குக் கீழே கிடக்கின்றன. விற்பவர் யார் என்பது விலைக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும். இன்று ஒருவர், நாளை வேறொருவர்.

"விலையைப் பார்த்தாலே தெரிய வேண்டாமா?" என்பார்கள். சரி, பேசுவோம். பண்டிகைக்குப் பண்டிகை எழுபது சதவீதத் தள்ளுபடி என்று முழுப்பக்க விளம்பரம் கொடுப்பது யார்? பெரிய விலையை அடித்துவிட்டுப் பக்கத்தில் சின்ன விலையைப் போட்டு, இன்னும் இரண்டு மணி நேரம்தான் என்று கடிகாரம் ஓடவிடுவது யார்? நல்ல கம்பெனிகளே போன வருஷ மாடலைப் பாதி விலைக்கும் கீழே தள்ளிவிடுவது உண்டு. மலிவு என்றாலே போலி என்றும் இல்லை. டெக்கத்லான் என்கிற விளையாட்டுச் சாமான் கடையின் சொந்த பிராண்டான கெச்சுவா பைகளும் ஷூக்களும் மலிவுதான், ஆனால் சொந்தப் பெயரில் வருகின்றன, கடைக்குப் போய்க் கேள்வி கேட்கலாம். எங்கள் ஊரில் ஒரு பை தைக்கிறவர் கெட்டியான துணியில் முதுகுப்பை தைத்துத் தருகிறார். எந்த பிராண்டின் பெயரும் அதில் இல்லை. பல மழை பார்த்த பிறகும் தோள்பட்டை வார் அப்படியே இருக்கிறது. அவர் யாரையும் ஏமாற்றவில்லை. அடுத்தவன் பெயரைத் திருடி ஒட்டி விற்பதும் அதற்கு மேடை போட்டுக் கொடுப்பதும்தான் குற்றம். குறைந்த விலைக்கு வாங்குவது குற்றம் இல்லை.

"அனுபவம் உள்ளவன் பார்த்ததும் கண்டுபிடிப்பான்" என்பது இன்னொரு பேச்சு. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கிறது. பிரான்சின் பெட்சல் கம்பெனி பாறையேற்றத்துக்கும் மீட்புப் பணிக்கும் கருவிகள் செய்வது. காராபினர் என்கிற, கயிறு மாட்டும் உலோகக் கொக்கி, கயிற்றில் ஏறும் கருவி, தலைவிளக்கு எல்லாம் செய்கிறார்கள். தங்கள் கருவிகளுக்குப் போலிகள் வந்திருப்பதாக 2011ல் அவர்களே உலகம் முழுக்க எச்சரிக்கை விட்டார்கள். வடிவம், முத்திரை, பொறித்த எண்கள், சான்றிதழ்க் குறி, பெட்டி, உள்ளே வைக்கும் கையேடு வரை நகல் எடுத்திருந்தார்கள். வழக்கமான பயன்பாட்டிலேயே, குறைந்த சுமையில் உடையவோ திறந்துகொள்ளவோ கூடும் என்று அந்த எச்சரிக்கை சொன்னது. வழக்கமான மலையேற்றக் காராபினர் என்றால் ஐரோப்பியத் தரப்படி நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும், அதாவது சுமார் 2,000 கிலோ எடை. அந்த எண்ணை உலோகத்தின் மேல் பொறிப்பது சுலபம். பொறித்த எண் உண்மையா என்று உங்கள் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? இழுத்து உடைத்துப் பார்க்கும் இயந்திரம் உங்கள் வீட்டில் இருக்கிறதா? முதல்முறை ஷூ வாங்கிய இருபது வயதுப் பையன் மட்டும் எப்படிக் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்கிறீர்கள்?

என் சித்தி மகன் கதையை இங்கே பலர் அறிவீர்கள். அறியாதவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். வெள்ளியங்கிரிக்கு ராத்திரியில் ஏறுவதுதான் பலருக்கும் வழக்கம். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் கம்பு வாங்கிக்கொண்டு இருட்டில் கிளம்பி, விடியும்போது ஏழாவது மலையில் நிற்பது. அவன் அதற்காகவே பெயர் பெற்ற ஒரு கம்பெனியின் தலைவிளக்கை இணையத்தில் ஆசையாக வாங்கினான். வீட்டில் இரண்டு முறை போட்டுப் பார்த்தான், நன்றாகத்தான் எரிந்தது. மலையில் கைதட்டிச் சுனை தாண்டுவதற்குள் மங்கியது, அப்புறம் அணைந்தே போனது. என் டார்ச் வெளிச்சத்தில் இருவரும் நடந்தோம். கூட்டத்தில் பின்னால் வந்தவர் அவசரப்பட, இவன் படி விலகிக் கால் வைத்து விழுந்தான். கணுக்கால் எலும்பு முறிவு. டோலி கட்டித்தான் இறக்கினோம். வாரக்கணக்கில் வேலைக்குப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் பிரித்துப் பார்த்தோம். உள்ளே விரல் பருமனில் ஒரு லித்தியம் பேட்டரி, 18650 என்கிற அளவு. அதன் மேல் கொள்ளளவு 9,900 மில்லியாம்ப் மணி என்று அச்சிட்டிருந்தது. அந்த அளவு செல்லில் உலகத்திலேயே நல்ல தயாரிப்பாளர்கள் தருவது சுமார் 3,500தான். அதற்குள் 9,900 அடங்கவே அடங்காது. கம்பெனியின் சேவை மையத்துக்கு எழுதினோம். இந்த வரிசை எண் எங்களுடையது இல்லை என்று பதில் வந்தது. விற்ற தளத்திடம் போனோம். திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். அந்த விற்பனையாளர் பெயரே அதற்குள் தளத்தில் இல்லை. அவன் படத்தோடு எழுதிய விமர்சனத்தை விதிமீறல் என்று நீக்கினார்கள். அதே விளக்கு, அதே படம், வேறு பெயரில் மறுபடி விற்பனைக்கு வந்தது. இதில் எந்த இடத்தில் அவன் பேராசைப்பட்டான் என்று அந்த அண்ணன் எனக்குச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர்களே அவனிடம், "பார்த்து வாங்கியிருக்கலாமே" என்றார்கள். கால் வலியைவிட அதுதான் அவனுக்கு வலித்தது.

இப்போது படித்தவர்கள் வருவார்கள். "தளம் வெறும் இடைத்தரகர், சட்டப்படி பொறுப்பில்லை" என்பார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79வது பிரிவு இடைத்தரகருக்குப் பாதுகாப்பு தருகிறது, உண்மைதான். ஆனால் அது நிபந்தனைகளோடு வரும் பாதுகாப்பு. நுகர்வோர் பாதுகாப்பு மின் வணிக விதிகள் 2020ல் வந்தன. குறைதீர்ப்பு அலுவலர் வேண்டும், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. வர்த்தகக் குறி (டிரேட்மார்க்) சட்டம் போன்றவற்றின் கீழ் பொருள் நீக்கப்பட்டும் திரும்பத் திரும்ப அப்படியே விற்கிறவர்களின் விவரத்தைத் தளம் பதிவு செய்து வைக்க முயற்சி எடுக்க வேண்டும். ஆனால் அவர்களைத் தளத்தைவிட்டு நீக்க வேண்டிய கட்டாயம் இல்லை, விரும்பினால் நீக்கலாம்! பிடிபட்டவனின் பெயரை எழுதி வைத்துக்கொள், கடையைத் திறந்தே வை என்று விதியே சொல்லும்போது, என் தம்பி யாரிடம் போய் நிற்பான்?

2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பிரஷர் குக்கர் விஷயத்தில் என்ன சொன்னது என்று தேடிப் படியுங்கள். கட்டாயத் தரநிலைக்கு ஒத்துவராத 2,265 குக்கர்கள் அமேசானில் விற்றிருந்தன. அதில் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்த கட்டணம் 6 லட்சம் ரூபாய்க்கு மேல். ஒவ்வொரு விற்பனையிலும் காசு பார்க்கிறவர், பொருளில் கோளாறு என்றதும் எனக்குச் சம்பந்தமில்லை என்று ஒதுங்க முடியாது என்பதுதான் ஆணையத்தின் நிலை. வாங்கியவர்களுக்குத் தெரிவித்து, குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைக் கொடுக்கச் சொன்னது. நிறுவனம் நீதிமன்றம் போனது. ஆணையம் போட்ட அபராதம் எவ்வளவு தெரியுமா? 1 லட்சம். ஆறு லட்சம் வந்த இடத்தில் ஒரு லட்சம். ஆனாலும் எனக்கு அந்த உத்தரவு முக்கியம், ஏனென்றால் நான் இத்தனை நேரம் கத்திக்கொண்டிருப்பதை ஓர் அரசு அமைப்பு சட்ட மொழியில் சொல்லிவிட்டது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உள்ள நோயும் இல்லை. அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகம், இணையச் சந்தைகளில் மூன்றாம் தரப்பு விற்பனையாளர்களிடம் 47 பொருட்களை வாங்கிச் சோதித்து 2018ல் அறிக்கை வெளியிட்டது. 20 போலி. அதில் யெட்டி கம்பெனியின் பயணக் குவளைகளும் உண்டு. வாங்கிய 9ல் 6 போலி. வாங்கியது அரசாங்கத்தின் விசாரணை அதிகாரிகள். அவர்களையும் பேராசைக்காரர்கள் என்பீர்களா?

"கெடுபிடி வந்தால் சின்ன வியாபாரிகள் நசுங்கிப் போவார்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். இதில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. திருப்பூரில் டி-சர்ட் தைத்து விற்கும் சின்ன ஆளிடம் நூறு காகிதம் கேட்டால் அவர் ஒழிந்துபோவார். ஆனால் சொந்தப் பெயரில் விற்கிறவரிடம் யார் என்ன கேட்கப் போகிறார்கள்? அடுத்தவர் பிராண்டின் பெயரில் பக்கம் திறப்பவரிடம், சரக்கு வாங்கிய ரசீதைக் காட்டு என்று கேட்பதுதான் நான் சொல்வது. தெருமுனை அண்ணாச்சி கடையில் கலப்பட எண்ணெய் வாங்கினால் அண்ணாச்சியிடம்தான் கேட்போம், அவர் மொத்த வியாபாரியிடம் கேட்டுக்கொள்வார். அண்ணாச்சிக்கு உள்ள பொறுப்பு கோடிக்கணக்கில் புரளும் நிறுவனத்துக்கு ஏன் இல்லை? வெளிநாட்டு பிராண்டுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரம் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போது இன்னொன்றும் உறுத்துகிறது. அரசு 2024 அக்டோபரில் 40 மலையேற்றப் பாதைகளோடு ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தைத் தொடங்கிய பிறகு எத்தனை புதுப் பிள்ளைகள் மலைக்கு வருகிறார்கள்! டெலிவரி வேலை பார்க்கிறவர்கள், ஜவுளிக்கடையில் நிற்கிறவர்கள், முதல் சம்பளம் வாங்கிய பெண்கள். அவர்களுக்கு ஒன்பதாயிரம் ரூபாய் ஷூ என்பது பாதி மாதச் சம்பளம். கடை இருக்கும் ஊரிலும் அவர்கள் இல்லை, கையில் இருப்பது போன் மட்டும். அதில் தெரியும் முத்திரையை நம்பித்தான் வாங்க முடியும். "தகுதியான கியர் இல்லாதவன் மலைக்கு வராதே" என்று அந்தப் பதிவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். மலை யார் வீட்டுச் சொத்து? விறகு எடுத்தவர்களும் தேன் எடுத்தவர்களும் வெறுங்காலோடு நடந்த பாதையில் நாம் ஷூ போட்டு நடக்கிறோம். நமக்குக் கிடைத்த அனுபவத்தை வைத்துப் புதிதாக வருகிறவனுக்கு வழி சொல்வோமா, அவனைப் படம் பிடித்துச் சிரிப்போமா? அந்த வீடியோவை எடுத்தவர் தன் பையிலிருந்து ஒரு முழம் கயிறு எடுத்து அந்த ஷூவைக் கட்டிக்கொடுத்திருக்கலாம். எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

இப்படிச் சிக்கியவர்கள் பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். ரசீது, விற்பனைப் பக்கத்தின் படம், விற்பனையாளர் பெயர், அரட்டைப் பதிவு எல்லாவற்றையும் அன்றைக்கே எடுத்து வையுங்கள். பக்கம் காணாமல் போய்விடும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், தளத்தின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.

என் தம்பி கோவையில் மனு போட்டிருக்கிறான். விற்பனையாளரை முதல் எதிர்மனுதாரராகவும் தளத்தை இரண்டாவதாகவும் போடச் சொன்னார்கள். தளத்தை முதலில் போடு என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அடுத்த விசாரணை வரும் மாதம். அந்த மனுவின் மாதிரி வேண்டும் என்பவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், பெயர்களை நீக்கிவிட்டு அனுப்புகிறேன்.