செவ்வாய்க்காரர்கள் வருவதற்கு முன் ஒலித்த டாங்கோ

பழைய அறிவியல் புனைவு வானொலி நாடகம் என்று பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒலி விளைவுகளுக்குத்தான் போகிறோம். ராக்கெட் சீறலை எதை வைத்துச் செய்தார்கள், வேற்றுக்கிரகவாசியின் குரலுக்கு என்ன தந்திரம், இப்படி. இசையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு. நியூயார்க்கில் சிபிஎஸ் வானொலி நிலையம். செவ்வாய்க்காரர்கள் பூமியைத் தாக்குவதைச் சொல்லும் எச். ஜி. வெல்ஸின் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' நாவலை, நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸின் குழு நேரடி ஒலிபரப்பாக நடத்துகிறது; சாதாரண இசை நிகழ்ச்சியை அவசரச் செய்திகள் குறுக்கிடுவதுபோல. எழுத்து ஹோவர்ட் காக், இசைக்குழுவை நடத்தியவர் பெர்னார்ட் ஹெர்மன். அவருக்கு அப்போது வயது 27.

நான் இதை முதலில் கேட்டது யாரோ சுருக்கி வைத்திருந்த ஒலிப்பதிவில். 'தேவையில்லாத' நடன இசையையெல்லாம் வெட்டி எறிந்திருந்தார்கள். இதற்கா இத்தனை புகழ் என்றுதான் தோன்றியது. பல வருடம் கழித்து முழுப் பதிவும் கிடைத்து, ஒரு ராத்திரி தனியாகக் கேட்டபோதுதான் எதை வெட்டியிருந்தார்கள் என்று புரிந்தது.

ஆர்சன் வெல்ஸின் முன்னுரை முடிந்ததும் வானிலை அறிக்கை. அப்புறம் பார்க் பிளாசா ஹோட்டலிலிருந்து ரமோன் ரக்கெல்லோ குழுவின் நடன இசை. அந்த ரக்கெல்லோ கற்பனைப் பாத்திரம். வாசித்தது ஹெர்மனின் வாத்தியக்காரர்கள்தான். முதலில் 'லா கும்பர்சிட்டா' என்ற டாங்கோ. அது பாதியில் நின்று ஒரு செய்தி: செவ்வாய் கிரகத்தில் வாயு வெடிப்புகள் தெரிகின்றனவாம். சரி, மறுபடி இசை. இந்த முறை 'ஸ்டார் டஸ்ட்'. வானத்தில் என்னவோ நடக்கிறது என்று சொல்லிவிட்டு, நட்சத்திரத் தூசி என்று பெயர் கொண்ட பாட்டையே போடுகிறார்கள்!

இந்தப் பகுதி இழுவையாக இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். ஒத்திகையிலும் அதே முணுமுணுப்பு எழுந்ததாம்; ஆர்சன் வெல்ஸ்தான் நீளட்டும் என்று பிடிவாதமாக நின்றார் என்று உடன் பணியாற்றிய ஜான் ஹௌஸ்மேன் பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தப் பிடிவாதம்தான் நாடகத்தைக் காப்பாற்றியது என்பேன். வானொலியில் இசை ஓடிக்கொண்டிருந்தால் உலகம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். அந்த நம்பிக்கை நம் மனத்தில் ஊறிய பிறகு அதை அறுத்தால்தான் வலிக்கும்.

ஆகாசவாணி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிகழ்ச்சி சீக்கிரம் முடிந்துவிட்டால் மிச்ச நேரத்துக்கு வீணையோ புல்லாங்குழலோ ஓடும், யாரும் காது கொடுக்க மாட்டோம். ஆனால் வழக்கமான பாட்டு நின்று சோக வாத்தியம் மட்டும் ஒலித்தால், செய்தி வாசிப்பவர் வாய் திறப்பதற்குள் வீட்டுப் பெரியவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும்.

என்னை உலுக்கிய இடம் அதற்கும் பிறகு வருகிறது. நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில் வயலில் நின்று பேசிக்கொண்டிருக்கும் நிருபரின் மைக் சட்டென்று செத்துப்போகிறது. சில நொடிகள் ஒன்றுமே இல்லை. பிறகு அறிவிப்பாளர், களத்தோடு தொடர்பில் ஏதோ கோளாறு என்கிறார். செவ்வாயில் நடப்பது வெறும் எரிமலைக் குமுறல் என்று ஒரு பேராசிரியர் சொன்னதாகவும் ஒரு தகவல். பிறகு பியானோ. தனிப் பியானோ, நிதானமாக, மென்மையாக. பின்னணி இசை நம்மைப் பயமுறுத்த வேண்டிய இடத்தில் ஆறுதல் சொல்கிறது. அந்த ஆறுதல்தான் தாங்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாத ஒரு வானொலி நிலையம் கைக்குக் கிடைத்ததைப் போட்டு நேரத்தை நகர்த்துகிறது. எந்தப் பேய் இசையும் இதற்கு ஈடாகாது. (அன்று நாடகத்தை நிஜச் செய்தி என்று நம்பி அமெரிக்காவே தெருவில் ஓடியது என்பது மறுநாள் பத்திரிகைகள் ஊதிய கதை. ஆனால் அந்தப் பியானோவைக் கேட்டு உண்மையிலேயே நடுங்கியவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நம்புகிறேன்.)

இதே ஹெர்மன் 1951இல் 'த டே த எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு இரண்டு தெரமின்களை (கையால் தொடாமலே வாசிக்கும் மின்னணு வாத்தியம்) வைத்து இசையமைத்தார். வேற்றுக்கிரகம் என்றாலே ஊளையிடும் அந்த ஒலிதான் என்று நம் காதுகளில் பதிந்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அருமையான இசை, மறுக்கவில்லை. 1953இல் பிபிசியில் தொடங்கிய சார்லஸ் சில்டனின் 'ஜர்னி இன்டு ஸ்பேஸ்' தொடரில் வான் ஃபிலிப்ஸ் அமைத்த வாத்தியக்குழு இசையும் எனக்குப் பிடிக்கும். விண்வெளியின் பிரமாண்டத்தை ஒரு சின்ன ரேடியோப் பெட்டிக்குள் கொண்டுவந்த இசை அது. ஆனாலும் அவை 'இதோ விநோதம், வியந்துகொள்' என்று நமக்குச் சொல்லிவிடுகின்றன. 1938இல் அப்படி யாரும் சொல்லவில்லை. நாமாகவே பயப்பட விட்டுவிட்டார்கள்.

முழுப் பதிவும் இணையத்தில் கிடைக்கிறது, ஒரு மணி நேரம்தான். கேட்பதென்றால் தயவுசெய்து நடன இசையைத் தள்ளிவிட்டு முன்னே ஓடாதீர்கள். ஹெட்ஃபோன் வேண்டாம்; அறையின் ஒரு மூலையில் ஒலிக்க விட்டு, வேறு வேலை பார்த்துக்கொண்டே கேளுங்கள். பியானோ வரும். பாதியில் அறுபடும். வயலில் குறைந்தது நாற்பது பேர் இறந்து கிடக்கிறார்கள் என்று அறிவிப்பாளர் படிப்பார். அப்போது உங்கள் கை செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தியதா என்று கமெண்டில் வந்து சொல்லுங்கள்.