ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காதே என்கிறவர்களுக்கு

"ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்காதீங்க, திறக்காது." கும்பகோணத்தில் எந்த டிடிபி கடைக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். அதனால்தான் பத்திரமும் பட்டாவும் 'ஸ்கேன் நியூ ஃபைனல் 2' என்று ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. எனக்கு இதில் உடன்பாடில்லை. 'குறுவை கொள்முதல் ரசீது' என்று இருந்தால் அப்பா யாரையும் கூப்பிடாமல் தானே எடுத்துக்கொள்வார்.

ஜப்பானில் வேலை பார்க்கும் மச்சான் தன் பழைய லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுப் போனார். முழுக்க ஜப்பானிய மொழி. மெனுக்கள் இடம் பார்த்தே பழகிவிட்டன. ஆனால் போல்டர் பாதையில் பின்சாய்கோடு (\) வரவேண்டிய இடமெல்லாம் யென் குறி! பின்சாய்கோட்டுக்குரிய அதே எண்ணில் அவர்களுடைய பழைய தரம் பணக்குறியை வைத்ததன் விளைவு இது. கூத்து இதோடு முடியவில்லை. ஷிஃப்ட்-ஜிஸ் என்ற பழைய ஜப்பானியக் குறியீட்டு முறையில் பெரும்பாலான எழுத்துகளுக்கு இரண்டு பைட். சில எழுத்துகளில் இரண்டாவது பைட்டும் அதே எண்தான். 'அட்டவணை' என்பதற்கான எழுத்து அப்படி ஒன்று. பழைய புரோகிராம்கள் அந்த எழுத்தின் பாதியைப் போல்டர் பிரிப்பு என்று நினைத்துத் தடுமாறும். அதற்காக ஜப்பானியர்கள் தங்கள் எழுத்தில் பெயர் வைப்பதை விட்டுவிட்டார்களா என்ன?

நம் சிக்கல் வேறு. விண்டோஸ் ஃபைல் பெயர்களை, எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் யூனிகோடில்தான் வைத்திருக்கிறது; அந்த ஜப்பானிய லேப்டாப்பிலும் 'கொள்ளிடம்' ஒழுங்காகவே தெரிகிறது. ஆனால் பழைய புரோகிராம்கள் நம்பியிருக்கும் குறியீட்டுப் பக்கம், அதாவது எழுத்துக்கு எண் தரும் பட்டியல், தமிழுக்கு விண்டோஸில் கிடையாது. யூனிகோடு தெரியாத புரோகிராம் ஒவ்வொரு எழுத்தையும் கேள்விக்குறி ஆக்கிவிடும். விண்டோஸ் ஃபைல் பெயரில் கேள்விக்குறிக்கு அனுமதியும் இல்லை, அப்புறம் எப்படித் திறக்கும்? குற்றம் புரோகிராமுடையது. தமிழ் என்ன செய்யும்?

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், நீளமான பெயர் ஆபத்துதான். லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. யூனிகோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து, துணைக்குறி, புள்ளி ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே 3 பைட். 'கொள்ளிடம்' மட்டுமே 27 பைட். பழைய மேக்கில் இன்னொரு வம்பு. 'கொ'வின் உயிர்க்குறியை இரண்டாகப் பிரித்துச் சேமிக்கும். அதை லினக்ஸுக்குக் கொண்டுபோனால், அங்கே பிரிக்காமல் எழுதிய அதே பெயர் ஏற்கெனவே இருந்தால், கண்ணுக்கு ஒரே பெயரில் இரண்டு போல்டர் நிற்கும். ஜப்பானிய 'ga' (が) எழுத்துக்கும் இதே கதி.

ஜிப் தரத்தில் 2006லேயே யூடிஎஃப்-8 பெயருக்கு வழி வந்துவிட்டது. இன்னமும் ஒரு ஜிப் மென்பொருள் தமிழ்ப் பெயரைச் சிதைத்தால் நான் மாற்றுவது மென்பொருளை.

சில இணையதளங்கள் தமிழ்ப் பெயரைக் கண்டதும் அப்லோடை நிராகரிக்கின்றன. சரி, அவற்றுக்கு மட்டும் ஆங்கில எழுத்தில் ஒரு நகல் எடுத்து ஏற்றிவிட்டு, வேலை முடிந்ததும் நகலை அழித்துவிடுகிறேன்.