பூட் டிரைவ் போனால் போவது எது?

வீட்டுச் சேமிப்பு சர்வரின் பூட் டிரைவ், அதாவது இயங்குதளம் இருக்கும் டிரைவ், பழுதானதும் எல்லோருக்கும் வரும் முதல் பயம், படங்களும் ஆவணங்களும் போய்விட்டனவோ என்பதுதான். பெரும்பாலும் அவை போயிருக்காது. இயங்குதளம் ஒரு சிறிய எஸ்எஸ்டியிலோ பென் டிரைவிலோ இருக்க, கோப்புகள் வேறு டிஸ்க்குகளில் இருக்கும் அமைப்பில், எந்த டிஸ்க் எந்தத் தொகுதியின் எத்தனையாவது உறுப்பு என்ற விவரத்தை அந்த டிஸ்க்குகளே சுமந்துகொண்டிருக்கின்றன. பல டிஸ்க்குகளை 'பூல்' என்ற ஒரே சேமிப்பிடமாக நிர்வகிக்கும் கோப்பு முறைமையான இசட்எஃப்எஸ், ஒவ்வொரு டிஸ்க்கிலும் 256 கேபி அளவுள்ள 4 லேபிள்களை (அடையாளக் குறிப்புகளை), தொடக்கத்தில் இரண்டும் முடிவில் இரண்டுமாக, எழுதி வைக்கிறது. பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைக்கும் லினக்ஸ் மென்பொருள் ரெய்டில் இன்று வழக்கத்திலுள்ள 1.2 வகை சூப்பர்பிளாக் என்ற விவரக்குறிப்பு, டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து 4 கேபி தள்ளி இருக்கிறது. அதனால் டிஸ்க்குகளைக் கழற்றி வேறொரு கணினியில், கேபிள்களை இடம் மாற்றி மாட்டினாலும், அவை ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆகவே இந்த விபத்தில் கோப்புகளுக்கு உண்மையான ஆபத்து பழுதான டிரைவால் வருவதில்லை. அதை அவசரமாகச் சரிசெய்யப் போகும் கைகளால் வருகிறது என்பதே என் கருத்து. புதிய டிரைவில் இயங்குதளத்தை நிறுவும்போது டேட்டா டிஸ்க்குகளின் கேபிள்களைக் கழற்றி வைப்பதைப் பலர் வீண் வேலையாக நினைக்கிறார்கள். நிறுவும் நிரலின் பட்டியலில் வரிசையாகத் தெரியும் டிஸ்க்குகளில் தவறானதைத் தேர்ந்தெடுக்க ஒரு கணம் போதும் என்பதால், நான் அதைக் கட்டாயம் என்றே சொல்வேன். அதற்கும் முன்னால், பழைய டிரைவ் முழுமையாகவே போய்விட்டதா என்று பார்த்துவிடுவது நல்லது. பூட் பகுதி மட்டும் சிதைந்து, மற்றவை படிக்கும் நிலையில் இருப்பது அரிதல்ல. வேறு போர்ட்டில் மாட்டிப் பார்த்து, டிரைவ் தெரிந்தால் பழுதான டிரைவிலிருந்து நகலெடுக்கும் டிடிரெஸ்க்யூ நிரலைக் கொண்டு ஒரு நகல் எடுத்துவிட்டால், ஈடிசி அடைவிலுள்ள அமைப்புக் கோப்புகளாவது (அமைவுகளைச் சேமித்திருக்கும் கோப்புகள்) கைக்கு வரும்.

அடுத்து வருவது 'அசெம்பிள்' என்பதற்கும் 'கிரியேட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு. லினக்ஸ் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் நிரலில் முன்னது ஏற்கனவே இருக்கும் ரெய்டைப் படித்து ஒன்றுசேர்க்கிறது. பின்னது புதிய சூப்பர்பிளாக்கை எழுதுகிறது. டிஸ்க்குகளின் வரிசையோ சங்க் அளவோ (டிஸ்க்குகளில் பிரித்து எழுதும் துண்டின் அளவு) டேட்டா தொடங்கும் இடமோ பழைய அமைப்பிலிருந்து மாறினால், 'கிரியேட்' செய்த ரெய்டில் கோப்பு முறைமை தெரியாது; பின்னணியில் பாரிட்டி (ஒரு டிஸ்க் போனால் தரவை மீட்க உதவும் கூடுதல் தரவு) மறுகணக்கீடும் ஓடத் தொடங்கினால் திரும்பி வரும் வழி அடைபட்டுப் போகும். இசட்எஃப்எஸ்ஸில் இதற்கு இணையானவை 'இம்போர்ட்', 'கிரியேட்' ஆகிய இரண்டும். அங்கே 'இந்தப் பூல் வேறொரு கணினியில் பயன்பாட்டில் இருந்தது' என்று ஒரு மறுப்பு வருவதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. புதிதாக நிறுவிய இயங்குதளத்தின் ஹோஸ்ட் ஐடி (கணினியின் அடையாள எண்) வேறு என்பதே அதன் பொருள். இரண்டு கணினிகள் ஒரே பூலில் ஒரே நேரத்தில் எழுதிவிடாமல் காக்க வைத்த தடை அது. பழைய இயங்குதளம் எங்கும் ஓடவில்லை என்பது உறுதியாக இருந்தால் வற்புறுத்தி இம்போர்ட் செய்யலாம். முதல் முறை படிக்க மட்டும் என்ற நிலையில் திறந்து, கோப்புகளைப் பார்த்துவிட்டுத் தொடர்வது இன்னும் நல்லது. மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய நிறுவல் பென் டிரைவை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். பூலில் இயக்கப்பட்டிருக்கும் புதிய வசதிகளைப் பழைய பதிப்பு அறியாவிட்டால் திறக்க மறுத்துவிடும், அதைப் பார்த்து பூலே கெட்டுவிட்டதென்று முடிவுகட்டியவர்கள் உண்டு.

அன்ரெய்டு என்ற சேமிப்பு சர்வர் இயங்குதளத்தை வைத்திருப்பவர்களின் நிலை சற்று வேறு. பாரிட்டி டிஸ்க் எது என்ற விவரம் பென் டிரைவில் இருப்பதால், அது போன பிறகு ஒரு டேட்டா டிஸ்க்கைத் தவறுதலாகப் பாரிட்டி இடத்தில் வைத்தால் அதன்மேல் பாரிட்டி எழுதப்பட்டுவிடும். எந்த டிஸ்க் பாரிட்டி என்று அதன் சீரியல் எண்ணோடு எழுதி ஒட்டி வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை.

உண்மையில் தொலைந்து போகக்கூடியவற்றில் முதலிடம் சாவிகளுக்குத்தான். லினக்ஸில் டிஸ்க்குகளைப் பூட்டிவைக்கும் லக்ஸ் குறியாக்கத்தின் தலைப்பகுதி (திறக்கத் தேவையான விவரங்கள்) வழக்கமாக டேட்டா டிஸ்க்கிலேயே இருக்கும். ஆனால் கடவுச்சொல் தட்டச்சு செய்யச் சோம்பி, சாவிக் கோப்பொன்றைப் பூட் டிரைவில் வைத்துத் தானாகத் திறக்கும்படி செய்திருந்தால், பெட்டி பத்திரமாக இருக்கச் சாவி ஆற்றோடு போன கதைதான். லக்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகளை ஏற்கும் என்பதால், இரண்டாவதாக ஒரு கடவுச்சொல்லைச் சேர்த்து வைப்பது சில நொடி வேலை. சேமிப்பு சர்வருக்கான இயங்குதளமான ட்ரூநாஸில் அமைப்புக் கோப்பைத் தரவிறக்கும்போது, இரகசிய விதையையும் (கடவுச்சொற்களைக் குறியாக்கப் பயன்படும் சாவி) சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தைத் தேர்வுசெய்யாமல் விட்டால், புதிய டிரைவில் அந்தக் கோப்பு மீண்டும் ஏறினாலும் அதில் குறியாக்கப்பட்டிருக்கும் கடவுச்சொற்கள் உயிர்பெறாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூட் எஸ்எஸ்டியில் இடம் மிச்சமிருக்கிறதே என்று அதைப் பிரித்து பூலுக்குக் கொடுக்கும் பழக்கம் பரவியிருக்கிறது. எல்2ஆர்க் எனப்படும் படிப்புக் கேஷாகக் கொடுத்திருந்தால் இழப்பில்லை. மெட்டாடேட்டாவைத் தாங்கும் 'ஸ்பெஷல்' பகுதியாக, இணைப்படி இல்லாமல் கொடுத்திருந்தால், பூட் டிரைவோடு பூல் முழுவதும் போய்விடும். இத்தகைய சிக்கனத்தை எந்த நிலையிலும் நான் ஆதரிக்க மாட்டேன்.

கோப்புகள் வந்த பிறகு தெரியும் குறைகள் எரிச்சலூட்டுமே தவிர ஆபத்தானவை அல்ல. உரிமையாளர் பெயர் டிஸ்க்கில் எண்ணாகவே பதிவாகியிருப்பதால், புதிய அமைப்பில் பயனர்களை வேறு வரிசையில் உருவாக்கினால் ஒருவருடைய அடைவு மற்றவருடையதாகத் தெரியும். பழைய எண்களைப் பார்த்து அதே எண்களில் பயனர்களை உருவாக்கினால் சரியாகிவிடும். டாக்கர் வால்யூம்கள், அதாவது படத் தொகுப்பு போன்ற செயலிகள் தம் தரவை வைக்கும் இடங்கள், பூட் டிரைவில் இருந்திருந்தால், படங்கள் மிஞ்சும். ஆல்பங்களும் முகங்களுக்கு இட்ட பெயர்களும் மிஞ்சாது. எனக்கு இவற்றையெல்லாம்விடக் கவலை தருவது, இல்லாமல் போனதே தெரியாமல் போகும் சில. மாதாந்திர ஸ்கரப் (டிஸ்க்குகளைப் படித்துச் சரிபார்த்தல்), டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் எச்சரிக்கை மின்னஞ்சல், ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) அட்டவணை, வெளி நகலுக்குச் செல்லும் வேலை ஆகியவற்றில் நீங்கள் அமைத்திருந்தவை புதிய இயங்குதளத்தில் பெரும்பாலும் தானாக வராது. பகிர்வுகள் திறக்கின்றன, படங்கள் ஓடுகின்றன என்று நிம்மதியடைந்து, அடுத்த டிஸ்க் பழுதாகும் நாள்வரை காவல் இல்லாமலேயே சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கெல்லாம் தீர்வாகப் பூட் டிரைவை மிரர் செய்யச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சாதனப் பழுதை மிரர் தாங்கும். தவறான அப்டேட்டையும் தவறுதலாக அழித்த கோப்பையும் இரண்டு டிரைவிலும் ஒரே நேரத்தில் பதிந்துவிடும். சர்வர் ஒரு மாலைப்பொழுது நின்றால் பெரிதாக எதுவும் கெட்டுவிடாத வீட்டில், அந்த இரண்டாவது டிரைவைவிட, மாற்றம் செய்யும்போதெல்லாம் அமைப்புக் கோப்பை வேறொரு கணினிக்கு எடுத்து வைக்கும் பழக்கமே பயன்தரும். ட்ரூநாஸ் தன் அமைப்புத் தரவுத்தளத்தின் நகலை நாள்தோறும் சிஸ்டம் டேட்டாசெட் என்ற தனிப் பகுதியில் சேமிக்கிறது. அந்த டேட்டாசெட் டேட்டா பூலில் இருந்திருந்தால், நகலே எடுக்காதவர்களுக்கும் இம்போர்ட் செய்த பின் அங்கே தேடிப் பார்க்க ஒரு வாய்ப்புண்டு. சாவிகளை மட்டும் தாளில் எழுதி வீட்டில் ஓரிடத்தில் வையுங்கள்; அதே சர்வரில் கன்டெய்னராக ஓடும் கடவுச்சொல் மேலாளரில் மட்டும் அவற்றைப் போட்டுவைக்காதீர்கள்.